மக்கள் கருத்தும் அரசின் மறுமொழியும்

(பொருளாதார முதுகலை மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் மத்திய அரசின் மூத்த அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை. இதில் கூறப்பட்டிருப்பவை அவருடைய சொந்தக் கருத்துக்களாகும்.)



ஜனநாயகத்தில் மக்கள் கருத்து என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டுக்கொண்டீர்கள். பொருள் மிகப் பரந்தது. ஆதலால் அதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அரசாங்கம் ஒரு சட்டத்தையோ விதியையோ கொள்கையையோ வகுக்கும்போது அதன் வரைவை இணையத்தின் வாயிலாக மக்கள் முன் வைத்து, அவர்களுடைய கருத்துக்களைக் கோருவது இன்று வழக்கமாகியுள்ளது. இந்த வழக்கம் வெறும் சடங்காக நின்றுவிடாமல் பயனுள்ள கலந்தாய்வாக வளர என்ன செய்ய வேண்டும் என்பதே நான் ஆராய விரும்பும் வினா.

தொடக்கத்திலேயே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கருத்துக் கேட்பது ஒன்று. கலந்தாய்வு நடத்துவது மற்றொன்று. பெட்டி ஒன்றை வைத்து அதில் விழும் கடிதங்களை எண்ணினால் கருத்துக் கேட்டாயிற்று. கலந்தாய்வு என்று சொல்ல வேண்டுமானால் மூன்று இலக்கணங்கள் பொருந்த வேண்டும். பேசுபவர் பொருளை ஓரளவேனும் அறிந்து பேச வேண்டும். மாற்றுக் கருத்தைக் கேட்டு அதற்கு விடை கூறும் வாய்ப்பு இருக்க வேண்டும். பேசியதன் பயன் முடிவில் புலப்பட வேண்டும்; அதாவது, ஏற்றாலும் மறுத்தாலும் அதற்கான காரணம் பேசியவருக்குத் தெரிய வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மக்கள் சிறிது காலத்தில் சலிப்படைந்து ஒதுங்கிவிடுவர்.

நமது மரபில் இதன் வேர்கள்

வரைவை வெளியிட்டு ஆட்சேபணைகளைக் கேட்பது இணையத்தோடு வந்த புதுமை என்று எண்ணுவோர் உளர். அது சரியன்று. ஜெனரல் கிளாசஸ் சட்டம் என்று வழங்கும் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, முன்கூட்டியே வெளியிட்ட பின்னரே விதி செய்யலாம் என்று ஒரு சட்டம் கூறுமிடத்து, வரைவை வெளியிட்டு, குறித்த நாளுக்குள் வரும் ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் பரிசீலித்தாக வேண்டும் என்று விதிக்கிறது.

நமது அரசியல் சட்டமே இம்முறையில் உருவானதுதான். 1948ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெளியிடப்பட்ட அதன் வரைவு சுமார் எட்டு மாத காலம் மக்கள் முன் இருந்தது. அரசியல் நிர்ணய சபையில் 7,635 திருத்தங்களுக்கு முன்னறிவிப்புக் கொடுக்கப்பட்டது என்றும், அவற்றுள் 2,473 திருத்தங்கள் முன்மொழியப்பட்டன என்றும் 1949 நவம்பர் 25ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் சபையில் தெரிவித்தார். ஒவ்வொரு பிரிவுக்கும் எழுந்த வாதமும் அதற்குக் கூறப்பட்ட விடையும் சபை நடவடிக்கைக் குறிப்புகளில் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் நீதிமன்றங்கள் அவற்றை மேற்கோள் காட்டுகின்றன. மறுமொழியைப் பதிவு செய்வதன் மதிப்பு இதனால் விளங்கும்.

அண்மைக் காலத்தில் மூன்று படிகள் குறிப்பிடத்தக்கவை. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போதும் முடிவுகளை அறிவிக்கும்போதும் தொடர்புடைய செய்திகள் அனைத்தையும் வெளியிட வேண்டும் என்கிறது. பாதிக்கப்படுவோருக்கு நிர்வாக முடிவின் காரணங்களையும் தர வேண்டும் என்கிறது. 2014 பிப்ரவரியில் மத்திய அரசின் அமைச்சகங்களுக்கு அனுப்பப்பட்ட சட்டமியற்றலுக்கு முந்திய கலந்தாய்வுக் கொள்கை, வரைவுச் சட்டங்களைக் குறைந்தது 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், எளிய மொழியில் விளக்கக் குறிப்பு இணைக்க வேண்டும், வந்த கருத்துக்களின் சுருக்கத்தை அமைச்சகத்தின் வலைத்தளத்தில் வெளியிட வேண்டும் என்று வகுத்தது. அதே ஆண்டு ஜூலை 26ஆம் நாள் மைகவ் என்னும் தளம் தொடங்கப்பட்டது. குடிமக்கள் கொள்கைகளைப் பற்றி விவாதிக்கவும் யோசனை கூறவும் அது இடமளித்தது.

ஆகவே வாயில் திறக்கப்பட்டுவிட்டது. அதன் வழியே உள்ளே வருபவர் யார், வந்தவர் சொன்னது என்ன ஆயிற்று என்பவையே இனி நாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

எண்ணிக்கையா, காரணமா?

இவ்வகையில் 2015, 2016ஆம் ஆண்டுகளின் அனுபவம் நமக்கு ஒரு நல்ல பாடம். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2015 மார்ச் இறுதியில், இணையத்தின் வழியே இயங்கும் சேவைகளை ஒழுங்குபடுத்துவது பற்றி ஒரு கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டது. நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்த அறிக்கையில் 20 வினாக்கள் இருந்தன. சாதாரண வாசகர் படித்து முடிக்கக்கூடிய ஏடு அன்று அது. எனினும் ஆர்வலர் சிலர் அதனைச் சுருக்கி, எளிமைப்படுத்தி, வினாக்களுக்கு மாதிரி விடைகளையும் எழுதி வெளியிட்டனர். சில வாரங்களில் ஆணையத்துக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. சுருக்கமும் எளிமையும் மக்களை எந்த அளவுக்கு ஈடுபடுத்தும் என்பதற்கு இது சான்று.

இதே நிகழ்ச்சியில் இன்னொரு பாடமும் உண்டு. வந்த மின்னஞ்சல்களை ஆணையம் தன் வலைத்தளத்தில் வெளியிட்டபோது அனுப்பியவர்களின் முகவரிகளும் சேர்ந்தே வெளியாயின, கண்டனம் எழுந்தது. ஒளிவுமறைவின்மை தேவைதான். ஆனால் வெளிப்பட வேண்டியது வாதம். வாதிப்பவரின் முகவரியை வெளியிட்டால் அடுத்த முறை அவர் எழுதத் தயங்குவார்.

2015 டிசம்பரில் ஆணையம் மீண்டும் ஓர் அறிக்கையை வெளியிட்டது. இணையச் சேவைக்கு உள்ளடக்கத்தைப் பொறுத்து வெவ்வேறு கட்டணம் வசூலிக்கலாமா என்பது அதன் பொருள். இம்முறை வினாக்கள் நான்கே. அப்போது ஃபேஸ்புக் நிறுவனம் தனது ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்தை ஆதரித்து, ஒரு பொத்தானை அழுத்தினால் ஆணையத்துக்குச் சென்று சேரும் ஆயத்தக் கடிதம் ஒன்றைத் தன் பயனாளர் முன் வைத்தது. லட்சக்கணக்கில் கடிதங்கள் வந்தன. ஆனால் அவை திட்டத்தை ஆதரித்தனவே அன்றி, கேட்கப்பட்ட நான்கு வினாக்களுக்கு விடையளிக்கவில்லை. இவ்வகைக் கடிதங்கள் கலந்தாய்வைத் தலையெண்ணும் வாக்கெடுப்பாகத் தாழ்த்திவிடும் என்ற கருத்துப்பட ஆணையம் அந்நிறுவனத்துக்கு எழுதியது. இறுதியில் 2016 பிப்ரவரி 8ஆம் நாள், பாரபட்சக் கட்டணங்களைத் தடை செய்யும் ஒழுங்குமுறையைக் காரணங்களை விளக்கும் குறிப்புடன் ஆணையம் வெளியிட்டது.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியது என்ன? இரு முறையும் ஆயத்தக் கடிதங்கள் பயன்பட்டன. ஆயத்தக் கடிதம் என்பதனாலேயே ஒரு கருத்தை ஒதுக்குவது நியாயமாகாது. எழுதப் பழகாத குடிமகன் பிறர் எழுதியதில் கையொப்பமிடுவது நம் நாட்டில் மனு எழுதும் வழக்கத்தைப் போன்றதே. கடிதம் வினாவுக்கு விடை கூறுகிறதா, காரணம் காட்டுகிறதா என்பதே உரைகல். காரணம் ஒன்றாயின் அதனை ஒருவர் சொன்னாலும் ஒரு லட்சம் பேர் சொன்னாலும் ஆராய்ந்தே தீர வேண்டும். எத்தனை பேரை ஒரு விதி பாதிக்கிறது என்பதை அறிய எண்ணிக்கை உதவலாம். அந்த விதி சரியா என்பதை எண்ணிக்கை தீர்மானிக்காது.

எண்ணிக்கையை நம்பினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் அனுபவம் ஓர் எச்சரிக்கை. 2017ஆம் ஆண்டில் இதே இணையச் சமநிலைப் பிரச்சினையில் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையத்துக்கு 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துக்கள் வந்தன. அவற்றுள் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் போலியானவை என்று நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் 2021 மே மாதத்தில் அறிவித்தார். நிறுவனங்களின் பணத்தில் நடந்த பிரசாரத்தில் பிறந்தவை ஒரு பகுதி. மறுதரப்பில், கல்லூரி மாணவர் ஒருவர் தன்னியக்க மென்பொருளால் உருவாக்கி அனுப்பியவை மட்டும் 77 லட்சம். எழுதும் இயந்திரங்கள் இன்று மேலும் திறன் பெற்றுள்ளன. ஒரே வாதத்தை ஆயிரம் விதமான நடையில் எழுதித் தருவது இப்போது எளிது. எனவே கடிதங்களை எண்ணும் அலுவலகம் ஏமாறும். காரணங்களைத் தொகுக்கும் அலுவலகம் ஏமாறுவது அரிது.

பேசாதவர் யார்?

பொருளாதார மாணவர்களாகிய உங்களுக்கு ஒரு கணக்கை நினைவூட்டுகிறேன். ஒரு விதி பத்துக் கோடிக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய் கூடுதல் செலவை உண்டாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50 கோடி ரூபாய். இந்தத் தொகை ஐந்து நிறுவனங்களுக்குத் தலைக்குப் பத்துக் கோடி ரூபாயாகச் சென்று சேருகிறது. ஐந்து ரூபாயைக் காப்பாற்ற நூறு பக்க வரைவைப் படிக்க எந்தக் குடும்பமும் முன்வராது. பத்துக் கோடி ரூபாய்க்காக ஒவ்வொரு நிறுவனமும் சிறந்த வழக்கறிஞர்களை அமர்த்தும். அலுவலரின் மேசைக்கு வரும் கடிதங்களில் ஐந்து மிக நேர்த்தியாக இருக்கும். பத்துக் கோடிக் குடும்பங்களின் கடிதம் வராமலே போகும். அறிந்துகொள்வதற்கு ஆகும் செலவு அதனால் வரும் பயனை விஞ்சும்போது குடிமகன் அறியாமல் இருப்பதே அவனுக்கு லாபம் என்பதை 1957ஆம் ஆண்டில் அந்தோணி டவுன்ஸ் எடுத்துக்காட்டினார். சிறு குழுக்கள் எளிதில் ஒன்றுசேர்வதையும் பெருந்திரள் சிதறிக் கிடப்பதையும் 1965ஆம் ஆண்டில் மான்கர் ஆல்சன் விளக்கினார்.

இதன் உட்பொருள் நிர்வாகிகளுக்கு முக்கியமானது. மக்கள் எழுதவில்லையாதலால் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று கோப்பில் குறிப்பெழுதுவது தவறான அனுமானம். பங்கேற்பதன் செலவைக் குறைப்பது அரசின் கடமை. அந்தச் செலவில் மூன்று கூறுகள் உள்ளன: படிக்கும் நேரம், மொழி, இணைய வசதி.

மொழியைப் பற்றி ஓர் எடுத்துக்காட்டு. 2020 ஏப்ரலில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை அரசிதழில் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் வெளியாயிற்று. நாடெங்கும் ஊரடங்கு நிலவிய காலம் அது. அந்த ஆண்டு ஜூன் 30ஆம் நாள் தில்லி உயர் நீதிமன்றம், கருத்துக் கூறும் காலத்தை ஆகஸ்டு 11 வரை நீட்டித்ததோடு, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் கண்ட 22 மொழிகளிலும் வரைவை மொழிபெயர்த்து வெளியிடுமாறு ஆணையிட்டது. இரு மொழிகளில் வெளியிடுவதே சட்டத்தின் தேவை என்று மத்திய அரசு வாதிட்டது. சட்டத்தின் தேவை எதுவாயினும், பொருளாதார நோக்கில் கேள்வி நேரானது: ஆற்றங்கரையில் வரும் ஆலை பற்றிய விதியை அந்த ஆற்றங்கரையில் வாழ்பவர் தம் மொழியில் படிக்க இயலாதபோது, அவரிடம் கருத்துக் கேட்டதாக எவ்வாறு கூற முடியும்? மொழிபெயர்ப்புச் செலவு ஒரு காலத்தில் பெருந்தடையாகச் சொல்லப்பட்டது. 2022இல் தொடங்கிய பாஷிணி போன்ற முயற்சிகளால் இன்று இயந்திரம் முதல் வரைவைத் தரவும் மனிதர் அதைச் சரிபார்க்கவும் இயலும். இனி அந்தத் தடையைக் காரணம் காட்டுவது கடினம்.

இணைய வசதியைப் பற்றித் தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று, 2019 முதல் 2021 வரையிலான நிலையைக் காட்டுகிறது. 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரில் எப்போதேனும் இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் 57.1 சதவீதம், பெண்கள் 33.3 சதவீதம். கிராமப்புறப் பெண்களில் 24.6 சதவீதமே. அதன் பின்னர் இணையப் பரவல் வளர்ந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. எனினும் கைப்பேசி வீட்டில் இருப்பதும், அதில் வரைவுச் சட்டத்தைத் திறந்து படித்து மறுமொழி எழுதுவதும் வெவ்வேறு. இணையத்தில் மட்டும் கேட்டால் நமக்குக் கிடைப்பது நகரத்து, படித்த, ஆண்களின் கருத்தாகவே பெரிதும் இருக்கும். எனவே இணையக் கலந்தாய்வு கிராம சபைக்கும் நேரடிக் கூட்டத்துக்கும் மாற்றாகிவிடக் கூடாது. அவற்றோடு இணைந்து நடக்க வேண்டும்.

பேச்சுக்கும் ஒழுங்கமைப்பு வேண்டும்

மக்களைக் கூட்டிவிட்டால் விவாதம் தானே செம்மையாக நடந்துவிடும் என்று நம்புவதற்கில்லை. கிராம சபைகளின் வரலாறே இதற்குச் சான்று. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பின் நாடெங்கும் கிராம சபைகள் சட்ட அந்தஸ்துப் பெற்றன. பல இடங்களில் அவை கோரிக்கைப் பட்டியலை வாசித்துக் கலையும் கூட்டங்களாகவே இருந்தன. கேரளத்தில் 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது ஒரு மாறுதல் செய்தனர். மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஒதுக்கப்பட்டது. கிராம சபையில் கூடியவர்கள் வேளாண்மை, குடிநீர், கல்வி என்று துறைவாரியாகச் சிறு குழுக்களாகப் பிரிந்து அமர்ந்தனர். ஒவ்வொரு குழுவுக்கும் பயிற்சி பெற்ற ஒருவர் துணை நின்றார். முன்கூட்டியே தயாரித்த வினாத்தொகுதியும் இருந்தது. பெருங்கூட்டத்தில் வாய் திறக்காத பெண்களும் சிறு குழுவில் பேச வழி ஏற்பட்டது. நிதி உண்மையாகவே கைக்கு வருகிறது என்ற உறுதி இருந்ததால் பேச்சுக்கும் பொருள் இருந்தது.

இணையத்திலும் இதே விதி செல்லும். வணிக நோக்கில் இயங்கும் சமூகத் தளங்கள், எந்தச் செய்தி மக்களை நீண்ட நேரம் திரையில் கட்டிவைக்கிறதோ அதனையே முன்னுக்குக் கொண்டுவருகின்றன. சினம் மக்களை எளிதில் கட்டிவைக்கும். ஆகையால் சினமே முன்னுக்கு வருகிறது. இதற்குக் குடிமக்களைக் குறை கூறிப் பயனில்லை. அமைப்பையே மாற்ற வேண்டும். தைவான் நாட்டில் 2014ஆம் ஆண்டு மாணவர் கிளர்ச்சிக்குப் பின்னர் வீதைவான் என்ற கலந்தாய்வு முறை உருவாயிற்று. வாடகைக் கார் சேவையான ஊபரை ஒழுங்குபடுத்தும் பிரச்சினையை 2015இல் அவ்வாறு விவாதித்தனர். அதற்குப் பயன்பட்ட போலிஸ் என்னும் மென்பொருளில் ஒருவர் ஒரு கூற்றை எழுதலாம். பிறர் அதனை ஏற்கலாம், மறுக்கலாம், விட்டுவிடலாம். எதிர்த்து மறுமொழி எழுதும் வசதி அதில் கிடையாது. எனவே ஏச்சுக்கு இடமில்லை. எந்தெந்தக் கூற்றுகளை எதிரெதிர் அணியினரும் ஒருங்கே ஏற்கின்றனர் என்பதை மென்பொருள் வரைந்து காட்டியது. பயணியின் பாதுகாப்பு, காப்பீடு போன்றவற்றில் பொது உடன்பாடு வெளிப்பட்டது. பின்னர் அதன் மீது நேரடிப் பேச்சு நடந்தது. நம் நாட்டின் பரப்புக்கும் மொழிகளுக்கும் இதனை அப்படியே கொண்டுவர முடியாது. எனினும் விவாதத்தின் தன்மையை அதன் அமைப்பு தீர்மானிக்கிறது என்ற பாடம் நமக்கும் பொருந்தும்.

மறுமொழியின் கடமை

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருகிறேன். கலந்தாய்வு முடிந்த பின் அரசு என்ன சொல்கிறது? "வந்த கருத்துக்கள் அனைத்தும் உரியவாறு பரிசீலிக்கப்பட்டன" என்ற ஒரு வாக்கியத்தோடு கோப்பு மூடப்படுமானால், எழுதிய மாணவன் மறுமுறை எழுத மாட்டான்.

வேறு விதமாகவும் நடந்ததுண்டு. பி.டி. கத்தரியைப் பயிரிட அனுமதிப்பது பற்றி 2010 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 6 வரை கொல்கத்தா, புவனேசுவரம், அகமதாபாத், நாகபுரி, சண்டிகர், ஹைதராபாத், பெங்களூர் ஆகிய ஏழு நகரங்களில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் திரு. ஜெயராம் ரமேஷ் பொதுக் கலந்தாய்வு நடத்தினார். சுமார் எண்ணாயிரம் பேர் பங்கேற்றனர். கூட்டங்கள் சில நேரங்களில் கொந்தளிப்பாகவும் இருந்தன. பிப்ரவரி 9ஆம் நாள் தற்காலிகத் தடையை அறிவித்தபோது, விஞ்ஞானிகள், விவசாயிகள், மாநில அரசுகள் கூறியவற்றையும், தாம் எந்தக் காரணங்களை ஏற்றார் என்பதையும் விளக்கும் நீண்ட அறிக்கையை அவர் வெளியிட்டார். முடிவு சரியானதா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அது பற்றி நான் இங்கு பேச வரவில்லை. முடிவின் காரணங்கள் எழுத்தில் இருப்பதால் அதனை மறுப்பவரும் எதனை மறுக்கிறோம் என்று அறிந்து மறுக்க முடிகிறது என்பதே நான் சுட்டுவது.

உச்ச நீதிமன்றமும் இத்திசையில் வழிகாட்டியுள்ளது. கைப்பேசி அழைப்பு இடையில் துண்டிக்கப்பட்டால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய் ஈடு தர வேண்டும் என்ற ஒழுங்குமுறையை 2016 மே 11ஆம் நாள் நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்தது. அத்தீர்ப்பில், விதிகளை வகுக்கும் அமைப்புகள் மக்களுக்கு அறிவிப்புத் தந்து, கருத்துக்களைக் கேட்டு, அவற்றை ஏற்றதற்கோ மறுத்ததற்கோ காரணம் கூறும் முறையைப் பொதுச் சட்டமாக ஆக்குமாறு நாடாளுமன்றத்தை நீதிமன்றம் கேட்டுக்கொண்டது. அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இத்தகைய முறையை வகுத்திருப்பதையும் அது எடுத்துக்காட்டியது. 2014ஆம் ஆண்டுக் கொள்கை நிர்வாக அறிவுரையாகவே இருப்பதால், அதனைப் பின்பற்றாததற்காக ஒரு குடிமகன் நீதிமன்றம் செல்ல வழியில்லை. எத்தகைய சட்டம் வேண்டும் என்பதை நாடாளுமன்றமே முடிவு செய்ய வேண்டும். ஆனால் சட்டம் வரும் வரை நல்ல நடைமுறையைத் தொடங்க எந்த அலுவலகத்துக்கும் தடையில்லை.

அலுவலர்களுக்குச் சில யோசனைகள்

முதலாவதாக, வரைவோடு நான்கு பக்கத்துக்கு மிகாத சுருக்கம் ஒன்றைப் பாதிக்கப்படும் மக்களின் மொழிகளில் வெளியிட வேண்டும். யாருக்கு என்ன மாறுகிறது என்பது அதில் முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும்.

இரண்டாவதாக, எது முடிவாகிவிட்டது, எது இன்னும் திறந்திருக்கிறது என்பதை ஒளிக்காமல் கூற வேண்டும். முடிவாகிவிட்ட ஒன்றின் மேல் கருத்துக் கேட்பது நம்பிக்கையைச் சிதைக்கும்.

மூன்றாவதாக, வந்த கருத்துக்களை அனுப்பியவரின் சொந்த விவரங்களை நீக்கி வெளியிட வேண்டும். மற்றவர் சொன்னதைப் படித்து அதற்கு எதிர்வாதம் எழுத இரண்டாவது தவணையாகப் பதினைந்து நாளாவது தர வேண்டும். இரு தரப்பும் ஒன்றையொன்று கேட்காமல் அரசை நோக்கியே பேசினால் அது கலந்தாய்வாகாது.

நான்காவதாக, கருத்துக்களை எண்ணிக்கையால் அல்லாமல் காரணங்களால் தொகுத்து, ஒவ்வொரு காரணத்துக்கும் ஓரிரு வரியில் விடை எழுதி வெளியிட வேண்டும். பத்தாயிரம் கடிதங்களிலும் தனித்தனிக் காரணங்கள் முப்பதோ நாற்பதோதான் தேறும்.

ஐந்தாவதாக, விவாதத் தளங்களில் எந்தப் பதிவு நீக்கப்படும் என்ற விதிகளை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஏச்சை நீக்கலாம், கண்டனத்தை நீக்கக் கூடாது. நீக்கியதற்குக் காரணம் தர வேண்டும்.

இவற்றால் காலதாமதம் ஏற்படும் என்று சில நண்பர்கள் ஆட்சேபிக்கலாம். ஏற்படும்தான். ஆனால் கலந்தாய்வில் கழியும் இரண்டு மாதத்தை, வழக்கிலும் தடையாணையிலும் திருத்த அறிவிக்கைகளிலும் கழியும் ஆண்டுகளோடு ஒப்பிட்டே கணக்கிட வேண்டும். மக்களுக்கு நுட்பம் தெரியாது என்பது மற்றோர் ஆட்சேபணை. நுட்பத்தை நாம் நிபுணரிடம் கேட்கிறோம். அந்த நுட்பம் வயலிலும் கடையிலும் வகுப்பறையிலும் எவ்வாறு நடைமுறையாகும் என்பதை அங்கு இருப்பவரிடம்தான் கேட்க முடியும். படிவம் ஒன்றில் கேட்கும் சான்றைப் பெற ஏழைப் பெண்ணொருத்தி எத்தனை நாள் கூலியை இழக்கிறாள் என்பது தலைநகரில் அமர்ந்திருக்கும் நமக்குத் தெரிய வேறு வழி இல்லை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

மாணவ நண்பர்களே, "இந்த வரைவை நான் வன்மையாக எதிர்க்கிறேன்" என்று எழுதினால் அதைப் படிக்கும் அலுவலர் செய்யக்கூடியது எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுவதே. மாறாக, "இந்தப் பிரிவில் முறையீடு செய்ய 30 நாள் என்றிருக்கிறது, அறுவடைக் காலத்தில் விவசாயத் தொழிலாளர் வட்ட அலுவலகத்துக்கு வர இயலாது, ஆதலால் 60 நாளாக்குக" என்று எழுதினால், அவர் அதற்கு விடை காணாமல் கோப்பை மேலே அனுப்புவது கடினம். பிரிவைக் குறிப்பிடுங்கள். பாதிப்பைச் சொல்லுங்கள். மாற்று வாசகத்தைத் தாருங்கள். உங்கள் தரப்புக்கு எதிரான மிக வலிய வாதம் எதுவோ அதற்கும் விடை எழுதுங்கள்.

இன்னொரு பணியும் உங்களுக்கு இருக்கிறது. வரைவுச் சட்டம் ஒன்று வெளியாகும்போது அதன் சுருக்கத்தை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்க் கிராம சபைக்கோ, மகளிர் சுய உதவிக் குழுவுக்கோ செல்லுங்கள். படித்துக் காட்டுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னவாறே எழுதி அனுப்புங்கள். ஐந்து ரூபாய்க்காகப் படிக்க நேரமில்லாத அந்தப் பத்துக் கோடிக் குடும்பங்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய பேருதவி அது.

கேட்பது அரசின் கடமை. சொல்வது குடிமக்களின் உரிமை. சொன்னதற்கு விடை தருவது இவ்விரண்டையும் பயனுள்ளதாக்கும். இங்கு கூடியிருக்கும் மாணவர்களில் பலர் சில ஆண்டுகளில் அரசுப் பணியில் சேர்ந்து, இத்தகைய கோப்புகளைக் கையாளப் போகிறீர்கள். அப்போது உங்கள் மேசைக்கு வரும் கடிதங்களில் பிழை மலிந்தவையும் இருக்கும், கோபத்தில் எழுதியவையும் இருக்கும். அவற்றிலும் ஒரு காரணம் இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள். இருந்தால் அதற்கு விடை எழுதுங்கள்.